மூன்று ‘ஓம்’, ஆறு சிலிண்டர்

அத்தியாயம் 17

கராஜ் கதவைத் திறந்தபடி யேசுரட்ணத்தாரை நிற்க வைத்துவிட்டுப் போன கிழமை நாங்கள் வந்துவிட்டோம். மனிதர் ஒரு கிழமையாக அங்கேயே நிற்கிறார். நெஞ்சைப் பிளந்து தைத்த ஆளை இதற்கு மேலும் நிற்க வைப்பது பாவம்.

போன கிழமையைத் தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம். மன்னாரிலிருந்து வந்து லண்டனில் முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர் யேசுரட்ணம். மோர்டனில் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒழுங்கையில் கராஜ். கராஜுக்குள் 1979ஆம் ஆண்டு கப்ரி கார் ஒன்று. மண்ணிறம், இரண்டு கதவு, நீண்ட மூக்கு, ஆயிரத்து அறுநூறு சீசீ எஞ்சின். அந்த எஞ்சினை அவர் மூன்று முறை தன் கையாலேயே கழற்றிப் பூட்டியிருக்கிறார்.

மாரடைப்பு வந்ததும் அந்தக் காருக்குள்தான். ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில், மனைவி பியற்றிஸ் பக்கத்தில் இருக்க, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மயங்கிப்போனார். அந்த நிலையிலும் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் மயங்கியதாக வார்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சொன்னார். நற்கருணை கொண்டுவந்த ஃபாதருக்கு இரண்டு தடவை சொன்னார். பிறகு பைபாஸ், பிறகு தையலில் கிருமி, மொத்தம் ஐந்து கிழமை ஆஸ்பத்திரி. வருகிற செவ்வாய்க்கிழமை செக்கப். டொக்டர் சரி என்றால் மறுநாளே அவர் திரும்பவும் கார் ஓடலாம்.

அந்த நினைப்போடுதான் வீட்டுக்கு வந்த மறுநாள், சனிக்கிழமை காலையில், கராஜுக்குப் போய்ப் பொனற்றைத் தூக்கினார். உள்ளே அவருடைய நாலு சிலிண்டர் எஞ்சினைக் காணவில்லை. ஆறு சிலிண்டர், மூன்று லீற்றர் எஞ்சின் ஒன்று அந்த இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு இருந்தது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. பொனற்றை மெல்ல இறக்கினார். திரும்பவும் தூக்கிப் பார்த்தார். பிறகு குசினிக்குள் வந்து, போனை எடுத்து, வால்தம்ஸ்டோவில் இருக்கும் மகன் லெஸ்லிக்கு அடித்தார்.

“வா,” என்றார். அவ்வளவுதான்.

பியற்றிஸ் அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். மகள் பிறேமினி மேசையில் இருந்து அப்பாவின் மாத்திரைகளைக் கிழமைப் பெட்டிக்குள் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் லண்டனின் பார்க்கிங் பகுதியில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறாள். அப்பா வீடு திரும்புகிறார் என்று இரண்டு நாள் லீவில் வந்திருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டாள். கார் எஞ்சினை லெஸ்லி மாற்றிவிட்டான் என்று சொல்லிவிட்டு அவர் திரும்பவும் கராஜுக்கு நடந்தார்.

பியற்றிஸ் ஒன்றும் கேட்கவில்லை. கஞ்சியைக் கிண்டிக்கொண்டே நின்றார். அம்மா கேட்காமல் நின்றது பிறேமினிக்கு ஏதோபோல் இருந்தது.

லெஸ்லி சந்தோஷமாக வந்தான். அதுதான் கொடுமை. வால்தம்ஸ்டோ ஒரு ரயில் லைனின் கடைசி ஸ்ரேஷன், மோர்டன் இன்னொரு லைனின் கடைசி ஸ்ரேஷன். அந்த ஒரு மணித்தியாலமும் அப்பா எந்த இடத்தில் சிரிப்பார், எந்த இடத்தில் தட்டிப் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டே வந்தான். அவனுக்கு முப்பத்து நாலு வயது. ரயில்வே சிக்னல் பகுதியில் வேலை. ஆறடி உயரம். ஒன்றைத் தொடங்கினால் முடிக்க மாட்டான் என்று குடும்பத்தில் பெயர் எடுத்தவன். அம்மாவின் குசினித் தண்ணீர்க் குழாய் அவன் திருத்தத் தொடங்கியதிலிருந்து இரண்டு வருடமாகச் சொட்டுகிறது. பின்வளவில் அவன் கட்டிய கொட்டிலுக்கு இன்றுவரை கூரை இல்லை.

இந்த ஒன்றை அவன் முடித்திருந்தான். அதே பார்க்கிங் பகுதியில் சின்ன வேர்க்ஷொப் வைத்திருக்கும் சிநேகிதன் யனுஷனோடு சேர்ந்து, லீவு எடுத்து, விரலில் இரண்டு நகம் கறுக்க வேலை செய்து முடித்திருந்தான்.

கராஜுக்குள் யேசுரட்ணத்தார் ஒரு பழைய பால் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு இருந்தார். பொனற் திறந்தபடி இருந்தது.

“ஆரைக் கேட்டு இதைச் செய்தனி?”

லெஸ்லியின் சிரிப்பு அரைவாசியில் நின்றது. “உங்களைத்தான்.”

“என்னையோ?”

“வீடியோ கோலிலை கேட்டனான். யனுஷனிட்டை ஒரு மூண்டு லீற்றர் எஞ்சின் வந்திருக்கு, கப்ரிக்குப் போடட்டோ எண்டு. யூ செட் ஓம், அப்பா. மூண்டு தரம்.”

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்தத்தான் வேண்டும். ஏனென்றால் எனக்கே கோபம் வருகிறது. எங்கள் ஆட்களின் ‘ஓம்’ இருக்கிறதே, அது ஒரு சொல்லே இல்லை. நீங்கள் கதைப்பது காதில் விழுகிறது என்றாலும் ஓம். போன் லைன் வெட்டுப்படவில்லை என்றாலும் ஓம். அலுப்பாக இருக்கிறது, கதையை முடியுங்கள் என்றாலும் ஓம். சம்மதம் என்றாலும் ஓம்தான். யேசுரட்ணத்தார் இதில் ஒரு படி மேல். சவப்பெட்டி இன்சூரன்ஸ் விற்க வந்த தமிழ்ப் பொடியன் ஒருவனுக்கு இருபது நிமிடம் ஓம் போட்டு, அடுத்த நாள் அவன் ஃபோமோடு வந்து நின்றபோது யார் நீ என்று கேட்டவர்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் லெஸ்லிக்குப் படிப்பித்தது ஒன்றே ஒன்று. ஓம் என்றால் யெஸ். அதை நம்பித்தான் அவன் இவ்வளவு பெரிய வேலையில் இறங்கினான்.

இந்த ஓம்களைப் பிரித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் பியற்றிஸ். முப்பத்தெட்டு வருடம் அவற்றோடு குடித்தனம் நடத்தியவர். எது சம்மதம், எது சலிப்பு, எது அரை நித்திரை என்று குசினியிலிருந்தே சொல்லிவிடுவார்.

“மூண்டு இல்லையடா, முப்பது தரமும் சொல்லியிருப்பன்,” என்றார் யேசுரட்ணத்தார். “நெஞ்சுக்குள்ளை குழாய். கண் திறக்க ஏலாது. நீ கதைக்கிறது கேக்குது எண்டு சொன்ன ஓம் அது.”

“அப்ப ஓம் எண்டால் யெஸ் இல்லையோ?”

அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டான். யேசுரட்ணத்தார் எழும்பி, ரோச் லைற்றை எடுத்து அவனுடைய கையில் திணித்தார். பிடி என்றார்.

பிழை பிடிக்கத் தொடங்கினார். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. டிப்போவில் இவர் கையெழுத்துப் போட்ட பஸ் பழுதென்று திரும்பி வந்ததில்லை என்று பெயர். மூன்று லீற்றர் எஞ்சின் பாரம் கூடியது. முன் ஸ்பிரிங்கை மாற்றாமல் விட்டிருப்பான் என்று குனிந்து பார்த்தார். மாற்றியிருந்தது. பழைய பிறேக் இந்த வேகத்துக்குத் தாங்காது. அதை விட்டிருப்பான் என்று சில்லுக்குள் ரோச்சைத் திருப்பச் சொன்னார். பெரிய டிஸ்க் பளபளத்தது. ரேடியேற்றர் புதிது. கியர்பொக்ஸ் இந்த எஞ்சினோடு வந்ததே. எஞ்சினைத் தாங்கும் இரும்பில் பற்றவைத்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒரு குமிழ் இல்லை.

ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு பிழை கிடைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை ஏசி, அவ்வளவோடு ஆறியிருப்பார். கிடைக்கவில்லை. இருபது வருடமாக ஒன்றுக்கும் உதவாதவன் என்று தான் சொல்லி வந்த மகன், தான் செய்திருந்தால் எப்படிச் செய்திருப்பாரோ அப்படியே செய்து வைத்திருந்தான். அதுவும் தன்னுடைய காரில்.

லெஸ்லிக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது. முப்பத்து நாலு வயதில் ரோச் பிடித்துக்கொண்டு நிற்பது அவனுக்குப் பழைய கணக்குகளையெல்லாம் கிளறிவிட்டது. பதினாறு வயதில் ஒரு ஸ்பானரைத் தொட விட்டீர்களா என்று கேட்டான். தொட்டால் போல்ற்றை உடைத்துவிடுவேன் என்று தங்கச்சிக்கு முன்னால் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டான். தமிழும் இங்கிலீசும் கலந்து, ஒன்று முடியுமுன் மற்றது தொடங்கிக் கொட்டினான்.

“ஒண்டையாவது நல்லம் எண்டு சொல்ல மாட்டியளே, அப்பா.”

“நல்ல வேலை,” என்றார் யேசுரட்ணத்தார். “ஒரு பிழை இல்லை. ஆருக்குச் செய்தனி எண்டதைச் சொல்லு.”

“உங்களுக்குத்தான்.”

அவர் ட்றைவர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறி இருந்தார். காலை நீட்டினார். கால் கிளச்சைத் தொடவில்லை. நுனி விரல் காற்றில் நின்றது.

சீற்றை முன்னுக்கு இழுக்கும் கம்பியைக் கையால் தேடினார். கம்பி இல்லை. இது வேறு சீற். ஆறடி ஆளின் கால் அளவுக்குப் பின்னால் தள்ளி, தரையோடு நாலு போல்ற் போட்டு இறுக்கியிருந்தது.

லெஸ்லி அவசரமாகச் சமாதானம் சொன்னான். பழைய சீற்றின் தண்டவாளம் கறள் பிடித்துப் போயிருந்ததாம். யனுஷனிடம் இருந்த சீற் இப்படித்தான் பூட்டலாமாம். தானே ஓடிப் பார்த்ததால் தன் அளவுக்கு இறுக்கினானாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நாலு போல்ற்றையும் இறுக்கும்போது, ஐந்தடி நாலு அங்குலமுள்ள ஒரு மனிதரின் கால் அவனுடைய ஞாபகத்துக்கு ஒரு தடவைகூட வரவில்லை. அதுவும் உண்மை.

யேசுரட்ணத்தார் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே கேட்டார். “நான் செத்துப் போனன் எண்டு எல்லாரும் சேந்து முடிவு கட்டியிட்டியளோ?”

“அப்பா, அப்பிடி இல்லை. இனி நீங்கள் ஓட மாட்டியள் எண்டு அம்மா...”

லெஸ்லி நிறுத்திக்கொண்டான். நிறுத்தியது பிந்திவிட்டது.

“அம்மா?”

அவன் ரோச்சை அணைத்தான். அவர் திரும்பவும் கேட்டார். அவன் நிலத்தைப் பார்க்க, என் கண்ணில் முழியாமல் போ என்று விரட்டினார். லெஸ்லி பால் பெட்டியை ஓர் உதை விட்டு, ஒழுங்கையால் நடந்து, வளைவில் போய் நின்று சிகரெட் பற்றவைத்தான். அப்பா ஒரு பாரமும் தூக்கக் கூடாது, கோபமே படக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த கடதாசித் துண்டு அவனுடைய பொக்கெற்றுக்குள்தான் கிடந்தது.

இதற்கிடையில் குசினியில் பிறேமினி மாத்திரைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாவின் சத்தம் யன்னலால் நன்றாகக் கேட்டது. வீடியோ கோல் என்ற சொல்லும் கேட்டது.

அப்பா அந்தக் கிழமை போனைப் பிடிக்கிற நிலையில் இருக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பகலில் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர் ஒரே ஓர் ஆள். “அம்மா, போனைப் பிடிச்சது ஆர்?”

பியற்றிஸ் அடுப்பை நிற்பாட்டினார். “நான்தான்.”

“அப்பாவின்ரை ஓம் என்ன ஓம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?”

தெரியும் என்று தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவருக்குள் ஐந்து கிழமையாக அடைத்துக் கிடந்தது, ஒன்று வெளியே வந்தால் மற்றதும் வரும் போலிருந்தது. லெஸ்லி ஒன்றும் விளங்காத விடுபேயன் இல்லை. கோல் முடிந்த பிறகு தனக்குத் தனியாக அடித்து, அப்பா ஓம் என்று சொன்னதுதானே என்று திரும்பவும் கேட்டதையும், ஓம் என்றுதான் சொன்னார் என்று தான் பதில் சொன்னதையும் சொன்னார். அப்பா இனி ஓட மாட்டார், நீ வடிவாகச் செய் என்று சேர்த்துச் சொன்னதையும் சொன்னார்.

“பொய் சொன்னனியளோ?”

“ஓம் எண்டுதானே சொன்னவர். அதிலை என்ன பொய்?” பியற்றிஸ் கரண்டியைக் கழுவத் தொடங்கினார். கழுவின கரண்டியையே திரும்பவும் கழுவினார். பிறகு மெதுவாகச் சொன்னார். “எஞ்சினைக் கழட்டுவான், பூட்ட மாட்டான் எண்டு நினைச்சன். அவன் எதைத்தான் முடிச்சவன்?”

பிறேமினிக்கு விளங்க இரண்டு செக்கன் எடுத்தது. விளங்கியதும் கோபத்தில் முகம் சிவந்தது. அம்மாவுக்கு அந்தக் கார் ஓடாமல் கிடக்க வேண்டும். அதற்காக அப்பாவின் ஓமையும் அண்ணாவின் சோம்பலையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார். அண்ணா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை முடித்து அந்தக் கணக்கைப் பிழையாக்கிவிட்டான். அண்ணாவை மடையனாக்கினது காணாதா, இப்ப அப்பாவின் நெஞ்சையும் உடைக்கப் போகிறீர்களா என்று கேட்டாள். அப்பா மெல்லக் கார் ஓடிக்கொண்டு திரிந்தால் உங்களுக்கு என்ன நட்டம் என்றும் கேட்டாள்.

பியற்றிஸ் வாயைத் திறந்தார். சரியாக அந்த நேரம் பின்கதவால் யேசுரட்ணத்தார் உள்ளே வந்தார்.

இரண்டு பேரையும் பார்க்கவில்லை. நேரே ஹோலுக்குப் போனார். செற்றியில் கிடந்த இரண்டு குஷன்களை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பவும் குசினிக்கால் நடந்து வெளியே போனார். கோபத்தில் மனிதர் வளவில் போய்த் தனியாக இருக்கப்போகிறார் என்று பிறேமினி நினைத்தாள். பியற்றிஸும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தார்.

பிறகு எஞ்சின் ஸ்ரார்ட் வந்தது.

பழைய எஞ்சின் இருமி இருமித்தான் பிடிக்கும். இது அப்படி இல்லை. ஒரே உறுமலில் பிடித்தது. குசினி யன்னல் அதிர்ந்தது. பக்கத்து வீட்டு நாகேஸ்வரி உடுப்புக் காயப்போட்ட கையோடு எட்டிப் பார்த்தார்.

பியற்றிஸ் ஓடினார். அறுபத்து மூன்று வயதில், வீட்டுச் செருப்போடு, கையில் கரண்டியோடு ஓடினார். ஒழுங்கைக்கு வந்தபோது கப்ரியின் நீண்ட மூக்கு கராஜுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ட்றைவர் சீற்றில் முதுகுக்குப் பின்னால் இரண்டு குஷனோடு யேசுரட்ணத்தார். தன் பக்கக் கதவைப் பூட்டியிருந்தார். வளைவிலிருந்து ஓடிவந்த லெஸ்லி அந்தக் கண்ணாடியில் தட்டிக் கத்திக்கொண்டிருந்தான். அவர் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்கோ டொக்டருக்கோ இனி அவர் காத்திருக்கப் போவதில்லை. இந்தக் காரைத் தன்னால் ஓட முடியும் என்று இந்த நிமிடமே, இந்த மூன்று பேருக்கும் முன்னால் காட்டப்போகிறார். முகம் அதைச் சொன்னது.

கார் ஓர் அடி முன்னுக்குப் பாய்ந்து, உறுமல் அடங்காமல் நின்றது. கிளச் அவருடைய காலுக்குப் பிடிபடவில்லை.

பழைய காரில் ஒரு கதவைப் பூட்டினால் மற்றது பூட்டுப்படாது. முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பக்கத்துச் சீற்றில் இருந்தவருக்கு அது தெரியும். பியற்றிஸ் சுற்றிப் போய் மற்றக் கதவைத் திறந்து ஏறினார். வலது கையை நீட்டி ஹாண்ட்பிறேக்கைப் பற்றி, உடம்பை முழுக்கப் பின்னால் சாய்த்து, மேலே இழுத்தார். திரும்பவும் நகரப் பார்த்த கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. எஞ்சின் செத்தது.

“கையை எடு,” என்றார் யேசுரட்ணத்தார்.

“அண்டைக்கும் இப்பிடித்தான் இழுத்தனான்.”

“என்ன?”

“நீங்கள் நிப்பாட்டேல்லை.”

லெஸ்லி கண்ணாடியில் தட்டுவதை நிறுத்தினான். பிறேமினி பின்கதவுப் படியில் நின்றாள். காருக்குள் சொல்வது வெளியே கேட்டது, ஏனென்றால் பியற்றிஸ் குரலைத் தாழ்த்தவில்லை. ஐந்து கிழமையாகத் தாழ்த்தி வைத்திருந்த குரல் அது.

“நீங்கள் ஓரங்கட்டவும் இல்லை, நிப்பாட்டவும் இல்லை. உங்கடை தலை இந்தக் கண்ணாடியிலை சாஞ்சு போச்சு. கார் தன்ரை பாட்டிலை போய் நடைபாதையிலை ஏறிச்சுது. அங்கை பஸ் ஸ்ரொப்பிலை ஒரு பெட்டை, தள்ளுவண்டியிலை கைக்குழந்தை. அவள் வண்டியை இழுத்துக்கொண்டு சுவரோடை ஒட்டினாள். நான் இதை இழுக்க, ஒரு முழத்திலை நிண்டது. அந்தப் பெட்டைதான் அம்புலன்சுக்கும் அடிச்சவள்.”

யேசுரட்ணத்தார் ஏதோ சொல்ல வந்தார். பியற்றிஸ் விடவில்லை. பழைய எஞ்சின் வலு இல்லாதது, மெல்லப் போனது, அதனால்தான் ஒரு முழம் மிச்சம் இருந்தது என்றார். இந்த எஞ்சின் என்றால் அந்தக் குழந்தை இன்றைக்கு இல்லை என்றார். இதைப் பூட்ட வைத்ததும் தான்தான், ஓம் சொன்னதும் தான்தான், லெஸ்லியில் ஒரு பிழையும் இல்லை, ஏசுவதென்றால் தன்னை ஏசுங்கள் என்றார்.

“ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?” அவருடைய குரல் உடைந்திருந்தது. ஆனால் அதிலும் கோபம்தான் இருந்தது. “எல்லாருக்கும் சொன்னன். ஃபாதருக்குச் சொன்னன். நீ பக்கத்திலை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டனி.”

“நிண்டனான். அதைச் சொல்லேக்கை மட்டும்தான் உங்கடை முகத்திலை உயிர் இருந்தது. எப்பிடிச் சொல்ல?” பியற்றிஸின் கை இன்னும் ஹாண்ட்பிறேக்கிலேயே இருந்தது. “டொக்டர் எழுதேக்கையும் நிண்டனான். நெஞ்சு நொந்த உடனை காரை நிப்பாட்டினவர் எண்டு அவர் எழுதினவர். அதை நம்பித்தான் செவ்வாய்க்கிழமை ஓடலாம் எண்டு சொல்லப் போறார். நான் வாயை மூடிக்கொண்டு நிண்டதுக்கு ஒரு பிள்ளை சாகவேணுமோ?”

நாகேஸ்வரி மெதுவாகத் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். பொனற்றுக்குள் சூடான இரும்பு டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.

லெஸ்லி அப்பாவைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டான். மாரடைப்பிலும் காரை நிறுத்திய மனிதர் என்று வேலையிடத்தில் அவனும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பான். அவருக்குத்தான் இந்த எஞ்சினைப் பூட்டினான்.

பியற்றிஸ் கணவரின் பக்கம் திரும்பினார். கோபம் வடிந்திருக்கவில்லை, ஆனால் அதற்கு மேல் கத்த அவருக்கு மூச்சு இருக்கவில்லை.

“இஞ்சேருங்கோ. செவ்வாய்க்கிழமை நீங்களே டொக்டரிட்டைச் சொல்லுங்கோ. கார் போனது, நிப்பாட்ட ஏலாமல் போச்சு எண்டு உங்கடை வாயாலை சொல்லுங்கோ. சொல்லுறியளோ?”

யேசுரட்ணத்தார் கண்ணாடிக்கு வெளியே நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கால் இன்னும் கிளச்சை எட்டிப் பிடித்தபடி இருந்தது. எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணும் திறப்பு ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் தொங்கியது. அவருடைய விரல் அதில் இருந்தது.

“ஓம்,” என்றார்.

பியற்றிஸ் அவருடைய முகத்தைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக, அது எந்த ஓம் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஹாண்ட்பிறேக்கிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை.